நாலு நாள் வஞ்சிரமா, இன்றைய கவலை மீனா?

கேள்வி: மணலி புதுநகரில் குடியிருக்கிறோம். கணவருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகளோடு சேர்த்து ஐந்து பேர். வாரம் மூன்று நாளாவது மீன் இல்லாவிட்டால் மாமியாருக்குச் சோறு இறங்காது. வஞ்சிரம், வவ்வால் எல்லாம் எங்கள் கைக்கு எட்டாது. தெருவில் கூடைக்காரம்மா கொண்டுவரும் கவலை, காரப்பொடி, காணாங்கத்தைதான் வாங்குகிறோம். இப்படிச் சல்லிசான மீனில் சத்து இருக்குமா? ஐஸில் வைத்த மீன் உடம்புக்கு ஆகாது என்கிறார் மாமியார். பார்மலின் போடுகிறார்கள் என்கிறார் கணவர். எண்ணூர் ஆற்று மீனையும் இறாலையும் இன்னும் வாங்கலாமா? போன மாதம் காணாங்கத்தை வறுத்துச் சாப்பிட்ட பிறகு பெரியவனுக்கு முகமெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. மருந்துக் கடையில் மீன் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார்கள். இனி அவனுக்கு மீனே கொடுக்கக் கூடாதா? மீன் குழம்பை மறுநாள் வைத்துச் சாப்பிடுகிறோமே, அதுவும் தப்பா?
— வாசகி, மணலி புதுநகர்

பதில்: பெரியவனிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலில் பாதி அவன் முகத்தில் வந்த தடிப்பிலேயே இருக்கிறது.

காணாங்கத்தை, கவலை, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்கிற அமினோ அமிலம் இயற்கையிலேயே அதிகம். மீன் செத்த பிறகு ஐஸ் இல்லாமல் வெக்கையில் கிடந்தால், அதன் செவுளிலும் குடலிலும் உள்ள பாக்டீரியா அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பு தானே சுரக்கிற பொருளும் இதே ஹிஸ்டமின்தான். அதனால் பார்ப்பதற்கு அச்சு அசலாக அலர்ஜி மாதிரியே இருக்கும். சாப்பிட்ட சில நிமிடத்திலோ, ஒன்றிரண்டு மணி நேரத்திலோ முகம் சிவக்கும், அரிக்கும், தடிக்கும், தலை வலிக்கும். சிலருக்கு வாயில் வைத்தவுடனேயே மிளகு கடித்த மாதிரி நாக்கு சுர்ரென்று எரியும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும்.

யோசித்துப் பாருங்கள். அன்று அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களில் யாருக்காவது லேசான தலைவலியோ அரிப்போ இருந்ததா? உங்கள் மகன் அதற்கு முன்பு பல முறை காணாங்கத்தை சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறானா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அது பெரும்பாலும் மீன் கெட்டதன் வேலை. பையனின் உடம்பில் குறை இல்லை. ஒவ்வொரு முறை மீன் சாப்பிடும்போதும் வருகிறது என்றால்தான் உண்மையான அலர்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். எதுவானாலும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு மறுபடி கொடுங்கள். மூச்சு இரைத்தாலோ உதடும் நாக்கும் வீங்கினாலோ மருந்துக் கடையில் நிற்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் எதற்கும் மசியாது. கொதிக்கவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது, ஃப்ரீஸரில் வைத்தாலும் போகாது. மஞ்சள், புளி, எலுமிச்சை எல்லாம் கவுச்சியை அடக்கும், அவ்வளவுதான். நாற்றமே இல்லாத மீனில்கூட அது இருக்கக்கூடும். அதை வரவிடாமல் தடுப்பது ஒன்றே ஒன்று, மீன் பிடிபட்ட நிமிடத்திலிருந்து குளிர்ச்சி.

மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஐஸ் மீன் கெட்ட மீன் என்பது அந்தக் காலத்துக்குச் சரி. காலையில் கரைக்கு வந்த மீன் பகல் சோற்றுக்கே சட்டியில் இறங்கிய குப்பத்து வாழ்க்கையில் ஐஸ் பார்த்த மீன் என்றாலே பழைய மீன் என்றுதான் அர்த்தம். இன்று உங்கள் தெருவுக்கு வரும் மீன், விடிகாலையில் காசிமேட்டில் ஏலம் போய், கூடையில் ஏறி, ஆட்டோவிலோ பஸ்ஸிலோ திருவொற்றியூர் தாண்டி வந்து, வெயில் ஏறின பிறகு உங்கள் வாசலில் இறங்குகிறது. இத்தனை நேரமும் ஈரச் சாக்கு மட்டும்தான் போர்த்தியிருந்தது என்றால் எனக்கு அந்தக் கூடைமேல் நம்பிக்கை வராது. மீனும் நொறுக்கிய ஐஸும் எடைக்கு எடை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். விசைப்படகில் பல நாள் தங்கிப் பிடித்தாலும் பிடித்தவுடனேயே ஐஸில் புதைத்த மீன், காலையில் பிடித்து மத்தியானம் வரை காய்ந்த மீனைவிடப் பத்திரமானது. கூடைக்காரம்மாவிடம் தகராறு வேண்டாம். "நாளைக்கு ஐஸ் போட்டுக் கொண்டாங்கம்மா, பத்து ரூபா சேர்த்துத் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். நாலு வீடு கேட்டால் அவரே பழக்கப்படுத்திக்கொள்வார்.

அடுத்தது சத்து. இந்தக் கேள்வியை எழுத உங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது, அவசியமே இல்லை. இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு கவலை மீனிலும் காணாங்கத்தையிலும்தான் நிறைய. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் கிடைக்கும். புரதம் எந்த மீனிலும் 100 கிராம் சதைக்கு ஏறக்குறைய 18, 20 கிராம் என்ற அளவில்தான் இருக்கும். வஞ்சிரத்துக்கு நாம் கொடுக்கிற அதிகப்படி காசு முள் குறைவு என்பதற்கும், துண்டு அழகாக விழும் என்பதற்கும், விருந்தாளி முன்னால் வைக்கலாம் என்பதற்கும்தான். பாதரசக் கணக்கிலும் சின்ன மீன்தான் ஜெயிக்கும். சின்னதைத் தின்று பெரிதாகும் மீன்களின் சதையில்தான் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். சுறா அந்த வரிசையில் முன்னால் நிற்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். ஆனால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுறாவையும் வைத்திருக்கிறது. என்றோ ஒருநாள் சின்னப் பால்சுறா சாப்பிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். பத்தியத்துக்கு என்று நாள்தோறும் வேண்டுமானால் காரப்பொடி போதும். தென் மாவட்டங்களில் காரல் என்று சொல்லிப் பிள்ளைத்தாய்ச்சிக்கு அதைத்தான் வைத்துக்கொடுக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கிலோ விலையை வைத்துச் சல்லிசு என்று முடிவு கட்டாதீர்கள். காரப்பொடியில் தலை, குடல், செதில் போனால் பாதிக்குச் சற்று மேலேதான் தேறும். ஆய்கிற நேரமும் உங்களுடையது. ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு அவசரமாகச் சமைக்கிற நாளில் காணாங்கத்தை எடுங்கள், நாலு மீனை ஆய்ந்தால் வேலை முடிந்தது. காரப்பொடியை மாமியாரும் கூட உட்காரும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சின்ன மீனில் நான் முதலில் பார்ப்பது வயிற்றை. கவலையும் நெத்திலியும் முதலில் உடைவது அங்கேதான். ஒரு கூறில் நாலைந்து மீனுக்கு வயிறு கிழிந்து குடல் தெரிந்தால் மேலே அடுக்கியிருப்பது எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். காணாங்கத்தையை வால் பக்கம் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். விறைப்பாக நிற்க வேண்டும், துவண்டு தொங்கினால் நேரமாகிவிட்டது. கடம்பாவில் சதை பால் வெள்ளையாக இருக்க வேண்டும், இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் பழசு. இறாலில் தலை ஆடக்கூடாது. தலை கறுத்திருப்பது விஷம் இல்லை, ஆனால் ஐஸ் போதவில்லை என்பதற்குச் சாட்சி. நெத்திலிக் கூறில் எப்போதாவது பந்து மாதிரி உப்பிய, சொரசொரப்பான குட்டி மீன் ஒன்று கலந்து கிடக்கும். அது பேத்தை. அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் உள்ள விஷம் எந்தக் கொதிக்கும் அடங்காது. எடுத்து எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

பார்மலின் பயம் 2018ல் பெரிதாகக் கிளம்பியது. அந்த ஜூன் மாதம் கேரளத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை ஆபரேஷன் சாகர் ராணி என்ற பெயரில் எல்லைச் சாவடிகளில் சோதித்துப் பார்மலின் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தது. அடுத்த மாதமே சென்னையிலும் மீன் வாங்க ஆளில்லாமல் போனது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீன்மேல் தேய்த்து நிறம் பார்க்கும் சோதனைத் தாளை உருவாக்கியது. மீனில் பார்மலின் சேர்க்கச் சட்டத்தில் இடமே இல்லை. என் கணக்கு இதுதான்: வெளிமாநிலத்திலிருந்து பல நாள் லாரியில் வருகிற பெரிய மீனுக்கு இந்தச் சந்தேகம் நியாயம். அன்றன்றைக்கு விற்றுத் தீர்கிற கவலைக் கூறுக்குப் பார்மலின் வாங்கிச் செலவு செய்ய எந்த வியாபாரிக்கும் கட்டுப்படியாகாது. கண் குழிந்து மங்கியிருக்கிறது, செவுள் வெளுத்திருக்கிறது, ஆனால் சதை மட்டும் ரப்பர் மாதிரி கெட்டி, மீன் வாடையே இல்லை, ஈயும் மொய்க்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம். இன்னொன்று, சுறாவிலும் திருக்கையிலும் வரும் மூத்திர வாடைக்கு யாரும் அம்மோனியா போடவில்லை. அவற்றின் சதையில் இயல்பாகவே இருக்கும் யூரியா சிதைவதால் வருவது. லேசாக இருந்தால் கழுவினால் போகும், மூக்கைத் துளைத்தால் பழைய மீன்.

இதுவரை சொன்னதெல்லாம் மீன் எவ்வளவு நேரம் எப்படிக் கிடந்தது என்பதைப் பற்றியது. எண்ணூர் ஆற்றுக்கு இந்தக் கணக்கு உதவாது. துள்ளத் துள்ள உயிரோடு வந்தாலும் சில பொருள்கள் உள்ளே இருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியதை நீங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். படகும் வலையும் கருப்பாகி, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அதற்கு முன்பே 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. இவையெல்லாம் செய்தியில் வந்தவை. செய்தியில் அவ்வளவாக வராமல் அனல் மின் நிலையச் சாம்பல் வருடக்கணக்கில் அந்தக் கழியில் சேர்ந்திருக்கிறது, அதில் கன உலோகங்கள் உண்டு.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். செதில் மீனுக்கு ஈரல் இருக்கிறது. எண்ணெயிலுள்ள நச்சுகளில் பலவற்றை அது உடைத்து வெளியேற்றிவிடும். மட்டியும் ஆழியும் நாள் முழுக்கத் தண்ணீரை இழுத்து வடிகட்டி வாழ்கிறவை, அப்படி உடைக்கும் திறன் அவற்றுக்கு மிகக் குறைவு. வடிகட்டியதெல்லாம் உடம்பிலேயே தங்கும். உலோகமும் அப்படியே. ஆகவே எண்ணூர் கழியில் எடுத்த மட்டி, ஆழி எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். இதை நான் தயங்காமல் சொல்கிறேன். ஆற்று நண்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எப்போதாவது வாங்குங்கள். ஓட்டைத் திறந்ததும் பழுப்பும் மஞ்சளுமாக ஒரு கொழகொழப்பு இருக்குமே, ருசிக்காகச் சிலர் அதைத்தான் முதலில் உறிஞ்சுவார்கள், அதை வழித்து எறிந்துவிடுங்கள். உலோகம் சேரும் இடம் அது. ஆற்று இறாலையும் மடவையையும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம். பெட்ரோல், டீசல் வாடை துளி அடித்தாலும் எந்த மீனானாலும் திருப்பிக் கொடுங்கள், சமைத்தால் அது போகாது.

இதைப் படித்துவிட்டு எண்ணூர்க் குப்பத்து மீனையே ஒதுக்கிவிடாதீர்கள். அந்த டிசம்பரில் ஆழக் கடலில் வலை போட்டு வந்தவர்களின் மீனையும் "எண்ணூரா, வேண்டாம்" என்று தள்ளினார்கள். எண்ணெய் கொட்டியவர்கள் வேறு, பட்டினி கிடந்தவர்கள் வேறு. "கடல் மீனா, ஆத்து மீனா?" என்று மட்டும் கேளுங்கள். தினமும் அதே தெருவுக்கு வர வேண்டியவர் பொய் சொல்ல யோசிப்பார்.

வீட்டுக்கு வந்த மீனை ஆய்வதற்கு முன் பேசிக்கொண்டு வைத்திருக்க வேண்டாம். முப்பது டிகிரி தாண்டும் நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேரம் என்பதே அதிகம். உடனே ஆய முடியாதென்றால் குடலையும் செவுளையும் மட்டும் நீக்கி, மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் மீன் தண்ணீர் சொட்டிக் கீழே இருக்கும் மாவிலும் காயிலும் விழும். ஃப்ரிட்ஜுக்குள் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அங்கே ஒரு நாளுக்கு மேல் பச்சை மீன் வேண்டாம், மிச்சத்தை ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பொட்டலம் கட்டி ஃப்ரீஸருக்கு அனுப்புங்கள். காரப்பொடியை மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி ஊற்றுங்கள். ஓடும் குழாயடியில் பிடித்தால் தெறிக்கிற நீர் பக்கத்துப் பாத்திரமெல்லாம் ஏறும். மீன் நறுக்கிய அருவாமனையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயத்துக்கு எடுக்காதீர்கள்.

குழம்புக்கு வருவோம். ஐந்து பேருக்கு முக்கால் கிலோ கவலை போதும். எலுமிச்சை அளவைவிடச் சற்றுப் பெரிய புளி உருண்டையைக் கரைத்து, அதிலேயே மூன்று மேசைக்கரண்டி குழம்புத் தூளும் உப்பும் போட்டுக் கலக்கி வையுங்கள். மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் அரை ஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை, இரண்டு கை உரித்த சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு. வெந்தயம் கருகினால் குழம்பே கசக்கும், அடுப்பைத் தணித்துக்கொள்ளுங்கள். இரண்டு தக்காளி குழைந்ததும் கரைசலை ஊற்றி, பச்சை வாடை போய் ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிடுங்கள். இதுதான் நேரம் எடுக்கும் வேலை, இதில் அவசரப்படுகிறவர்கள்தான் மீன் கவுச்சி அடிக்கிறது என்று குறை சொல்வார்கள். மாங்காய் கிடைக்கும் மாதத்தில் புளியைப் பாதியாக்கி நாலு துண்டு மாங்காய் போடுங்கள். மீனைக் கடைசியில் போட்டு ஏழெட்டு நிமிடம். கரண்டி விடாமல், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் மீன் உடையாது. நடு முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி இல்லாமல் வெளுத்து, விரலால் தொட்டால் முள்ளைவிட்டு வர வேண்டும். மீன் குறைவாகக் கிடைக்கும் நாளில் ஒரு கைப்பிடி சென்னாகுன்னியை வறுத்துக் கத்தரிக்காயோடு போட்டுத் தொக்கு செய்தால் அதுவே இரண்டு பேர் சோற்றை இறக்கும்.

மறுநாள் குழம்புதான் ருசி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. தேங்காய் அரைக்காத புளிக் குழம்பின் புளிப்பு பாக்டீரியாவை ஓரளவு மந்தப்படுத்தும். அதை நம்பித்தான் பெரியவர்கள் இராத்திரி அடுப்பங்கரையிலேயே விட்டார்கள். ஓரளவு என்பது ஓரளவுதான். எல்லோரும் சாப்பிட்டானதும் மறுநாளுக்கு வேண்டியதைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து, சூடு தணிந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க உள்ளே வைத்தால் ஃப்ரிட்ஜ் முழுக்கச் சூடாகும், ஆறட்டும் என்று இரவு முழுக்க வெளியே விட்டால் குழம்பு போகும். இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். காலையில் வேண்டியதை மட்டும் எடுத்து, நடுவில் குமிழி வரும்வரை கொதிக்கவைத்துச் சாப்பிடலாம். தேங்காய்ப் பால் சேர்த்த குழம்பை அன்றைக்கே முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனால் ஃப்ரிட்ஜில் உள்ள சமைத்த மீனைத் திரும்பக் கொதிக்கவைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். சில பாக்டீரியாவின் விஷம், பாக்டீரியா செத்த பிறகும் அப்படியே இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதத்தில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுப் பொழுது போக்க வேண்டாம். கரையோரம் போய்வரும் பைபர் படகுகளின் கவலை, காரப்பொடி, நெத்திலி வரத்து நின்றுபோகாது, கிடைக்கிற நாளில் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காத நாளுக்கு நெத்திலிக் கருவாடு எடுத்து வையுங்கள். மணலில் காயவைத்ததா, வலைமேல் காயவைத்ததா என்று கேட்டு, வலைமேல் காய்ந்ததையே வாங்குங்கள். உப்புக் கருவாட்டில் இளஞ்சிவப்புப் படலம் தெரிந்தால் அதைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள்.